ஆட்டிப் பிடித்தால் ஓடும் ஹாம் செட்

“ஒயரை இந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஓடுகிறது சார்” என்று யாராவது ஒரு போர்ட்டபிள் ஹாம் செட்டை, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசப் பயன்படுத்தும் வயர்லெஸ் செட்டை, மேஜையில் வைத்தால், திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். பவர் ஒயரைச் செருகும் துளை, அதாவது பவர் ஜாக், போய்விட்டது. எத்தனை நாளாக என்று கேட்டால் பெரும்பாலும் மாதக் கணக்கில் பதில் வரும். ரப்பர் பேண்ட் போட்டு, டேப் சுற்றி, ஒயருக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து ஓட்டியிருப்பார்கள். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள்.

யாயெசு எஃப்டி-817 மாதிரியான 5 வாட் செட்டை எடுத்துக்கொள்வோம். கேட்கும்போது சுமார் அரை ஆம்பியர் போதும். பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தினால் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஜாக்கின் காண்டாக்ட் தேய்ந்து அங்கே அரை ஓம் தடை சேர்ந்தாலே, பேசும்போது 1 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 2 வாட் சூடு அந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்குள் இறங்கும். சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும். கேட்பதெல்லாம் நன்றாகக் கேட்டுவிட்டு, பேச ஆரம்பித்ததும் செட் அணைவது இதனால்தான். பலர் பேட்டரிதான் போய்விட்டது என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (சக்தியைச் சூடாக்கி உறிஞ்சும் தடையை) மாட்டி, பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பிடிடி-யை அழுத்திப் பாருங்கள். அங்கே வோல்டேஜ் நிலையாக நின்று செட் மட்டும் அணைந்தால், பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஜாக்கையும் உடனே குறை சொல்ல முடியாது. பல சாதனங்களில் வரும் 5.5 மி.மீ. பிளக்கில் உள்துளை 2.1, 2.5 மி.மீ. என்று இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2.1-க்கான நடு ஊசி உள்ள ஜாக்கில் 2.5 பிளக் தாராளமாக நுழையும், ஆனால் நிலையாகத் தொடாது. இன்னொரு பிளக் போட்டதும் சரியாகிவிட்ட செட்டுகள் உண்டு.

இதைவிட ஆபத்தானது, அளவு சரியாகப் பொருந்திவிடும் தவறான சார்ஜர். எஃப்டி-817-இன் ஜாக் 4 மி.மீ. வெளிவிட்டம், 1.7 மி.மீ. உள்விட்டம். சில லேப்டாப் சார்ஜர்களின் முனையும் இதே அளவுதான். அதில் வருவது 20 வோல்ட். செட் தாங்குவது 16 வரைதான். பையில் இரண்டும் சேர்ந்து கிடந்தால், அவசரத்தில் கை எதையும் எடுக்கும். செட்டின் ஒயரில் ஒரு சிவப்பு டேப்பாவது சுற்றி வையுங்கள்.

ஜாக்தான் உடைந்திருக்கிறது என்றால், சால்டரிங் பழக்கம் இருப்பவர்கள் தாங்களே மாற்றலாம். முதல் வேலை, உள் பேட்டரியைக் கழற்றுவது. வெளி ஒயரை உருவிவிட்டோம், அது போதும் என்று நினைத்துத் திறந்தால் ஸ்க்ரூடிரைவர் ஒரு முறை நழுவினாலே போர்டு போய்விடும். அப்புறம், பழைய ஜாக்கை ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள். அதன் நெகட்டிவ் கால் போர்டின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும். அந்தப் பரப்பு சூட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் சின்ன அயர்னுக்கு ஈயம் உருகாது. உருகவில்லையே என்று பலம் கொடுத்தால், கால் ஒட்டியிருக்கும் செம்புப் பேட் போர்டை விட்டு உரிந்து வரும். ஜாக்கைக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாக உருக்கி எடுப்பதே பாதுகாப்பு. ஜாக் போனால் போகட்டும், காப்பாற்ற வேண்டியது போர்டை. புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்தால் பழைய ஈயம் சீக்கிரம் இளகும். பல ஜாக்குகளில் மூன்றாவதாக ஒரு கால் இருக்கும். பிளக் நுழைந்ததும் உள் பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது. அது இல்லாத ஜாக்கை மாட்டினால் வேறு தொல்லை வரும். பழையதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வாங்குங்கள். மாற்றியதும் பிளஸ், மைனஸ் ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு, கரண்ட் லிமிட் வைத்த (குறித்த அளவுக்கு மேல் கரண்ட் விடாத) பவர் சப்ளையில் முதலில் ஆன் செய்யுங்கள்.

சரி, புது ஜாக் மட்டும் எத்தனை நாள் தாங்கும்? ஒயரின் எடையும் இழுப்பும் அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தால் அதுவும் உடையும். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ஒரு சாண் நீளத்தில் ஒயர் எடுத்து, ஒரு முனையில் செட்டுக்கான பிளக், மறுமுனையில் ஆண்டர்சன் பவர்போல் என்ற கனெக்டர். ஒயரைச் செட்டின் உடலோடு டை போட்டுக் கட்டிவிடுங்கள். அதன்பின் மாட்டுவதும் கழற்றுவதும் பவர்போலில் மட்டும். யாராவது ஒயரில் தடுக்கினால் பவர்போல் கழன்றுகொள்ளும், ஜாக் தப்பிக்கும். பேட்டரி பக்கம் 3 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் இருக்கட்டும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயரே எரியும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, அங்கிருந்து ஹாம் வானொலியில் பேசுவதற்கென்றே பயணமாக வந்து, போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசிகள் செத்துக் கிடந்த வேளையில் அந்தமானின் செய்திகளை வெளியே சேர்த்தவர்களில் அவர்களும் உண்டு. அப்படி ஒரு நாளில் உங்கள் பேட்டரி தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் பேட்டரியை மாட்ட முடிய வேண்டும். அமெரிக்காவின் அவசரகால ஹாம் குழுக்கள் பவர்போலையே பொதுவாக வைத்திருப்பது அதற்காகத்தான். அதன் 15, 30, 45 ஆம்பியர் உலோக முனைகள் மூன்றும் ஒரே அளவு பிளாஸ்டிக் கூட்டில் பொருந்தும். சிவப்பும் கறுப்பும் எந்தப் பக்கம் என்பதை உங்கள் கிளப்பில் எல்லோரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் செய்த ஒயராக இருந்தால், நிறத்தை நம்பாமல் மீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.