பட்டிக்குக் காவல் நாய் வேண்டுமா? குட்டியை எட்டு வாரம் தாயிடம் விடுங்கள்

போன வாரமும் என்னிடம் வைத்தியத்துக்கு ஒரு குட்டி வந்தது. வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் அட்டைப் பெட்டியில் பழைய துண்டை விரித்துப் படுக்கவைத்துத் தூக்கிவந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நாற்றம் சொல்லிவிட்டது, பார்வோ என்று; குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ் நோய் அது. ரத்தக் கழிச்சல், நிற்காத வாந்தி. கண் உள்ளே போய், ஈறு வெளுத்துக் கிடந்தது. சலைன் ஏற்ற முன்னங்காலில் நரம்பு கிடைக்கவே வெகுநேரம் ஆனது.

"எப்பங்கண்ணா வாங்குனீங்க?"

"இருபது நாளாச்சுங்க. வாங்கறப்ப இருபத்தஞ்சு நாள் குட்டிங்க."

"அத்தனை சின்னக் குட்டியை எதுக்குங்க வாங்குனீங்க?"

"கண்ணு முழிச்சிருச்சு, தானாச் சோறு திங்குது, அப்பறம் என்னங்க டாக்டரு? சின்னதுலயே பிரிச்சாத்தானுங்களே நம்மகிட்ட ஒட்டும்."

விடிவதற்குள் குட்டி செத்துவிட்டது.

அவருடைய அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இப்போது இதே கவலைதான். தெருநாய்க் கூட்டம் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்தால் காலையில் குரல்வளை கிழிந்து கிடக்கிற ஆடுகளை எண்ண வேண்டியிருக்கிறது. நஷ்டஈடு கேட்டு, செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்தவர்கள் நம் பகுதிக்காரர்கள். கொறங்காட்டு (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) மேய்ச்சலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு ஒரு பட்டி ஆடு போனால் ஒரு வருட வருமானம் போனமாதிரி. அதனால் காவலுக்கு நாய் தேடுவது சரியான காரியம். தேடுகிற விதம்தான் தப்பாக இருக்கிறது, இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

முதலில் சட்டம். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்து மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. சந்தையில் கூடையில் வைத்து இருபத்தைந்து நாள், முப்பது நாள் குட்டியை விற்பவர் செய்வது சட்டவிரோதம். குட்டி பெருத்தால் தீனிச் செலவு ஏறும், தடுப்பூசிச் செலவும் வரும் என்று அவர் அதற்கு முன்பே தள்ளிவிடுகிறார். வாங்குகிறவருக்கு இதில் லாபம் என்ன இருக்கிறது?

"சின்னதிலேயே பிரித்தால் ஒட்டும்" என்பது முழுத் தப்பு. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்க்கிறதோ, எதனோடு பழகுகிறதோ, அதைத்தான் தன்னுடைய உலகமாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் காலத்தின் முதல் பாதி தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் கழிய வேண்டும். ஒரு ஈற்றுக் குட்டிகள் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒன்று இன்னொன்றின் காதைப் பிடித்துக் கடிக்கும். கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டே விலகிப்போய்விடும். கடித்தது கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நிற்கும். அடுத்த தடவை மெதுவாகக் கடிக்கும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்கிற அளவு குட்டிக்கு அங்கேதான் படிகிறது. தாய்மடியை முரட்டுத்தனமாக இழுத்தால் தாய் உறுமி மூக்கால் அழுத்திப் படுக்கவைக்கிறதே, அடங்குவது என்றால் என்ன என்பதும் அங்கேதான் படிகிறது. நாலாவது வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இரண்டுமே இல்லை. ஆறு மாதத்தில் அது வீட்டுக் குழந்தையின் கையைப் பிடித்தால் அழுத்திப் பிடிக்கும், ஆட்டுக்குட்டியைப் பிடித்தால் விடாது. அப்புறம் அதே ஆட்கள் வந்து "டாக்டருங்க, நாயே ஆட்டைக் கடிக்குதுங்க" என்று நிற்கிறார்கள்.

எட்டாவது வாரத்தில் கொண்டுவந்தாலும் குட்டி நன்றாக ஒட்டும். அதற்குப் பின்னும் ஆறு வாரம் பாக்கி இருக்கிறது.

இதைவிட மோசமான நம்பிக்கை ஒன்று உண்டு. ஆள் பழகவிடாமல், இருட்டறையில் அடைத்தோ சங்கிலியில் கட்டியோ வளர்த்தால்தான் நாய்க்கு உக்கிரம் வரும் என்பது. பட்டினி போட்டால் வேகம் வரும், மிளகாய் வைத்தால் ரோசம் வரும் என்று சொல்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நான் இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: அப்படி வளர்வது காவல் நாய் அல்ல, பயந்த நாய். குரைக்கிற எல்லா நாயும் காவல் காப்பதில்லை. பயந்த நாய் சங்கிலியின் கடைசி வரை பாய்ந்து பாய்ந்து குரைக்கும், பார்க்கிறவருக்கு வீரமாகத் தெரியும். அவிழ்த்துவிட்டுப் பாருங்கள், வண்டிக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். யாராவது குனிந்து அதைத் தொடப்போனால்தான் கடிக்கும். கடி வாங்குவது பெரும்பாலும் வீட்டுக் குழந்தை, தீனி வைக்கிற அம்மா, விருந்துக்கு வந்த சொந்தக்காரர். திருடன் வருவதில்லை, வந்தாலும் சங்கிலி எவ்வளவு நீளம் என்று ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிடுவான். தெருநாய்க் கூட்டம் வந்தால் இன்னும் மோசம். கட்டிக் கிடக்கிற நாய் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. ஆட்டோடு சேர்த்து அதையும் குதறிப் போட்டிருந்ததை நான் தையல் போட்டிருக்கிறேன். நல்ல காவல் நாய் ஆளைப் பார்த்ததும் ஆட்டுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் வந்து நிற்கும், நின்றுகொண்டு குரைக்கும். அந்தத் தைரியம் பலதையும் பார்த்துப் பழகின குட்டிக்குத்தான் வரும். டிராக்டர் சத்தம், பம்புசெட், குடை பிடித்த ஆள், பால்காரர் பைக், குழந்தைகள், கோழி, மழை, இருட்டு எல்லாவற்றையும் பதினான்கு வாரத்துக்குள் அது பார்த்திருக்க வேண்டும். தடுப்பூசி முடியும்வரை உங்கள் தோட்டத்துக்குள்ளேயே காட்டுங்கள். சந்தைக்கும் டீக்கடைக்கும் தூக்கிப்போக வேண்டாம்.

எந்தக் குட்டி என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தாயைப் பாருங்கள். பட்டியிலேயே கிடந்து, ஆட்டோடு ஆடாகப் படுத்து எழுகிற ஒரு நாட்டுப் பொட்டை நாயின் குட்டி கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். ஜாதி நாய்தான் வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுகிற பொருளைத் துரத்திப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. குதித்து ஓடுகிற ஆட்டுக்குட்டியும் அவற்றின் கண்ணுக்கு ஓடுகிற பொருள்தான். பழக்கலாம், ஆனால் உழைப்பு அதிகம். கோம்பை பட்டிக்கு ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம்.

ராஜபாளையம் வாங்குகிறவர்கள் காதைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவது உண்டு, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்ப்பதால் அது கூடுகிறது. ஆறு வாரத்துக்கு மேல் ஆன குட்டியைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து வையுங்கள். கூட்டத்தில் இருந்தால் செவிட்டுக் குட்டியும் மற்றதுகளைப் பார்த்தே திரும்பிவிடும். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் நான்கைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், பக்கத்தில் போய்க் கை தட்டாதீர்கள்; அதிர்வையும் காற்றையும் உணர்ந்து திரும்பினால் காது கேட்கிறது என்று ஏமாந்துவிடுவீர்கள். இரண்டு மூன்று தடவை, இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு காது மட்டும் செவிடு என்றால் இதில் தெரியாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

சமீபத்தில் ஓரிருவர் பசென்ஜி பற்றிக் கேட்டார்கள், குரைக்காத நாய், பண்ணை வீட்டுக்கு ஆகுமா என்று. காங்கோ காட்டுப் பக்கத்து வேட்டை நாய் அது. கழுத்தில் மணி கட்டிவிட்டு, புதரிலிருந்து விலங்கை வலையை நோக்கி விரட்ட அங்கே வைத்திருக்கிறார்கள். வேலைக்கார நாய்தான், ஆனால் அந்த வேலை வேறு. பட்டிக் காவலில் பாதி வேலை குரைத்து எச்சரிப்பதுதானே? அப்படியும் வேண்டும் என்றால், ஃபான்கோனி என்கிற சிறுநீரக நோய் அந்த இனத்தின் ரத்தத்தில் ஓடுகிறது. தாய் தகப்பன் இரண்டுக்கும் மரபணுச் சோதனை செய்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பசென்ஜி பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். எந்த மாதம் கேட்டாலும் குட்டி இருக்கிறது என்பவரிடம் போகாதீர்கள்.

சரி, குட்டி வந்தாயிற்று. முதல் நாளிலிருந்தே அதன் இடம் பட்டிதான். ஆனால் மொத்த ஆட்டுக்கும் நடுவில் விட்டுவிடாதீர்கள், ஒரு முட்டு வாங்கினால் போதும், வாழ்நாள் முழுக்க ஆட்டைக் கண்டு பயப்படும். தட்டி கட்டி ஒரு மூலையைப் பிரித்து, சாதுவான இரண்டு மூன்று ஆடுகளோடு விடுங்கள். ஆடு நுழைய முடியாத சின்னப் பொந்து ஒன்று குட்டி ஒதுங்க இருக்கட்டும், அதன் தட்டும் அங்கேதான். ஆட்டின் காதையோ வாலையோ பிடித்து இழுத்தால் அந்த நொடியிலேயே அதட்டி நிறுத்துங்கள், ஒரு மணி நேரம் கழித்து அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தாண்டும்வரை விளையாட்டுப் புத்தி தலைக்கேறி ஆட்டுக்குட்டிகளை விரட்டும். நிறையப் பேர் அந்த நேரத்தில்தான் "இது ஆகாது" என்று நாயைத் துரத்திவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆள் இல்லாத நேரம் தனித் தடுப்பில் விடுங்கள், ஆள் இருக்கும்போது ஆட்டோடு விடுங்கள். முழுதாக நம்பிப் பட்டியை ஒப்படைக்க ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும்.

தீனி: வெறும் பால்சோறும் மோர்சோறும் போட்டால் முன்னங்கால் வில்லாக வளையும். முட்டை, வேகவைத்த கறி, மீன் என்று ஏதாவது சேருங்கள். அதற்காகக் கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றவும் வேண்டாம்.

தடுப்பூசி ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரைக்கும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் அது போட்ட கணக்கில் சேராது. நாட்டு நாய்க்கு நோய் வராது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம், பார்வோவில் சாகிற நாட்டுக் குட்டிகளைத்தான் தினமும் பார்க்கிறேன். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, பிறகு வருடாவருடம். தெருநாயோடு மல்லுக்கட்டப் போகிற நாய்க்கு இது இல்லாமல் ஒரு நாளும் கூடாது. பார்வோவில் குட்டி செத்த இடத்தில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயில் ஊற்றினால் போகாது. சிமெண்ட் தரை என்றால் பிளீச்சிங் கரைசலால் கழுவலாம். மண் தரையில் ஒரு வருடத்துக்கு வேறு குட்டியை விடாதீர்கள். உண்ணிக்கு ஆட்டுக்கு அடிக்கிற மருந்தைக் குட்டி மேல் அடிப்பதையும், ஆட்டுக்குப் போடுகிற ஊசியை நீங்களே குட்டிக்குப் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மூன்று மாதம் வரைக்கும். அதற்குப் பிறகு பட்டி நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நாடாப்புழுவைக் கொல்கிற பிரசிகுவாண்டல் சேர்ந்த மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். ஆடு அறுத்தால் ஈரல், நுரையீரல், தலை என்று கழித்த பாகங்களைப் பச்சையாக நாய்க்குப் போடவே போடாதீர்கள். அதில் இருக்கிற கட்டியிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது, நாயின் சாணத்தில் இருந்து முட்டை மேய்ச்சலுக்குப் போகிறது. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுவதற்குக் காரணம் பல நேரம் மூளையில் வளர்கிற அந்தக் கட்டிதான். இந்தப் புழுக்களில் ஒரு வகை மனிதனுக்கும் வரும், கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக. குழந்தைகள் நாயைக் கொஞ்சிவிட்டு அப்படியே சாப்பிட உட்காருகிறார்கள், கை கழுவச் சொல்லுங்கள். கழித்த பாகங்களை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள், இல்லையென்றால் நன்றாக வேகவைத்துப் போடுங்கள்.

உங்கள் தோட்டத்துச் சாளையில் பொட்டை நாய் குட்டி போட்டிருந்தால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த 2017 விதிகளில் தாய்க்கும் இடம் இருக்கிறது: ஒன்றரை வயதுக்கு முன் இனம் சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. பங்காளி, மாமன், மச்சான் என்று யார் வந்து கேட்டாலும் எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைக் கொடுக்காதீர்கள். காத்திருக்க மாட்டேன் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் நீங்களே போட்டு, தேதி எழுதின அட்டையோடு கொடுங்கள். அந்தச் செலவைக் குட்டி விலையோடு சேர்த்துக் கேட்டாலும் தப்பில்லை.