கதாபாத்திரத்தை நான்கு எழுத்தில் அடைக்காதீர்கள்

சென்ற மாதம் திருத்தத்துக்கு ஒரு சிறுகதை வந்தது. கதை 9 பக்கம். கூடவே இணைத்திருந்த கதாபாத்திரக் குறிப்பு 14 பக்கம். எம்பிடிஐ என்ற ஆளுமைச் சோதனை தரும் நான்கெழுத்து வகைப்படி, அம்மா ஐஎஸ்எஃப்ஜே, மகன் இஎன்டிஜே, மருமகள் ஐஎன்எஃப்பி என்று ஆளுக்கோர் அட்டவணை. பிடித்த நிறம், பலம், பலவீனம், நெருக்கடி வந்தால் என்ன செய்வார் என்று எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார் எழுதியவர். இந்த ஆண்டில் எனக்கு இப்படி வந்த ஆறாவது கதை இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை நடப்பது சிங்கப்பூரின் ஈசூனில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஒரு மூவறை வீட்டில். அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. மகன் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு பொங்கோலுக்கு அழைத்துக்கொள்ள நினைக்கிறான். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் அம்மாவின் கையெழுத்து வேண்டும். எவ்வளவு நல்ல களம்! ஆனால் மகன் விஷயத்தைச் சொன்னதும், “அம்மா எதுவும் பேசாமல் சமையலறைக்குள் போனாள். அவள் கண்கள் கலங்கின.” அத்தோடு கதை முடிந்துவிட்டது.

ஏன் பேசவில்லை என்று கேட்டேன்.

“அக்கா, அவங்க ஐஎஸ்எஃப்ஜே. சண்டைக்குப் போகமாட்டாங்க.”

சரி, அந்த வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டியது யார்? அவருக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வேலை போயிருந்தபோது குடும்பம் எப்படி ஓடியது? தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதையும் யோசிக்கவில்லை. அம்மாவுக்குப் பிடித்த நிறம் மட்டும் இளநீலம் என்று குறிப்பில் இருந்தது.

இந்த எம்பிடிஐ நம் பிள்ளைகளிடம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் ஒரு பட்டறை, அலுவலகத்தில் ஒரு பயிற்சி நாள், கைப்பேசியில் ஒரு இலவசக் கேள்வித்தாள். அதன் வேர் கார்ல் யுங் 1921இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில் இருக்கிறது. அதைப் படித்த கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் இந்தச் சோதனையை வளர்த்தெடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுகொள்ள உதவட்டும் என்பது இசபெலின் எண்ணம். அவர் அதற்கு முன்பே துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். நாவலாசிரியர் ஒருவர் உருவாக்கிய கருவிதான், ஆனால் அதை அவர் நாவலுக்காக உருவாக்கவில்லை. இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது அந்த ‘ஐ’ எழுத்துதான். ‘ஐ’ என்றால் உள்முகம். உடனே அந்தப் பாத்திரத்துக்கு வாயைத் தைத்துவிடுகிறார்கள். உள்முகம் வேறு, கூச்சம் வேறு, பயம் வேறு, அடங்கிப்போவது வேறு. மனத்தின் கவனம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் அந்த எழுத்து குறிக்கிறது. அது ஒரு சாய்வு, அவ்வளவுதான். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இரண்டு பை காய்கறியை வலக்கையில் பிடித்திருந்தால் இடக்கையால்தானே கதவைத் திறப்பார்? சாய்வு இருப்பதால் மறுகை இல்லாமல் போகாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோதனை எழுதுபவர்களில் பலரின் மதிப்பெண் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் விழும். ஒன்றிரண்டு பதில் மாறினால் எழுத்தே மாறிவிடும். ஒரே ஆள் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வருவது சாதாரணம். உயிரோடு இருக்கும் மனிதரையே பிடித்து நிறுத்தாத எழுத்தை வைத்துக்கொண்டு, “என் பாத்திரம் இதைச் செய்யாது” என்று எப்படிச் சத்தியம் செய்கிறீர்கள்?

அதிலும் நம் ஊரில்! தேக்கா ஈரச்சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசும்போது கடைசி வரிசை வரை குரல் கேட்கும் ஒரு பெண், மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசத் தயங்குவார். அதே பெண் மின்தூக்கியில் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம், அந்த மலாய் அத்தையிடம், மலாயில் சிரித்துச் சிரித்துக் கதை பேசுவார். மாமியார் முன்னால் மறுபடி குரல் இறங்கிவிடும். இவருக்கு எந்த எழுத்தைக் கொடுப்பீர்கள்? எந்த மொழியில், யார் முன்னால், யாருக்குக் கடன்பட்ட நிலையில் பேசுகிறார் என்பதைப் பொறுத்து ஆளே மாறுகிறார். சிங்கப்பூர்த் தமிழ்க் கதைக்கு இதைவிடப் பெரிய சொத்து ஏது? அட்டவணை இதைத்தான் முதலில் அழிக்கிறது. தவிர, அட்டவணைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் கதைக்குள்ளும் அந்த வாடை வந்துவிடுகிறது. “அவள் பகுப்பாய்வுத் திறன் மிக்கவள்” என்று ஒரு பாட்டியைப் பற்றி எழுதியிருந்ததைப் போன வருடம் அடித்தேன். “ரசீதைப் பார்க்காமலே பத்துக் காசு குறைவதைச் சொல்லிவிடுவாள்” என்று எழுதினால் போதும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பள்ளியில் தொட்டவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மெய்ப்பாடு என்றால் உடலில் வெளிப்படும் உணர்ச்சி. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இழிவாக நடத்துவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, குடியைத் துன்புறுத்துவது, வைது அடிப்பது, கொல்வது. அழுகிற வகை ஆள், கோபப்படுகிற வகை ஆள் என்று அங்கே யாரையும் பிரிக்கவில்லை. என்ன நடந்தால் அழுகை வரும், என்ன நடந்தால் வெகுளி வரும் என்றுதான் கேட்கிறது. கதை எழுதுபவருக்கு வேண்டிய கேள்வி அதுதான்.

ஈசூன் கதையை எழுதிய மாணவியிடமும் இதையே கேட்டேன். உங்கள் அம்மா பாத்திரத்தை யாராவது இளிவாக நடத்தினால்? இரண்டு வாரம் கழித்துத் திருத்திக் கொண்டுவந்தார். இப்போது வீட்டு முகவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். படிவத்தை மகன் பக்கம் நகர்த்தி, அம்மாவுக்கு நேராகவே, “ஆன்ட்டிக்குப் புரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அம்மா எழுந்து அறைக்குள் போகிறாள். பழைய பிஸ்கட் டின்னோடு திரும்பி வருகிறாள். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டுகள். ஒவ்வொன்றாக மேசையில் அடுக்குகிறாள். “எவ்ரி மன்த் ஐ பே” என்கிறாள். பிறகு மகனைப் பார்த்து, “சாப்பிட்டியா?” அவ்வளவுதான். அவள் இன்னமும் அமைதியான பெண்தான். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

வகைப்பாடுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வரைவை முடித்த பிறகு, இரண்டு பாத்திரங்கள் ஒரே குரலில் பேசுவதாகத் தோன்றினால் எடுத்துப் பாருங்கள். ஒருவர் முடிவெடுத்துவிட்டு யோசிப்பவர், மற்றவர் யோசித்துக்கொண்டே நாளைக் கடத்துபவர் என்கிற மாதிரி ஒரு வேறுபாடு பிடிபடும். அதோடு தாளை மூடிவிடுங்கள். எனியகிராம் என்னும் இன்னொரு ஆளுமை வகைப்பாட்டின் ஒன்பது வகைகள் ஆளின் அடிப்படைப் பயத்தையும் ஆசையையும் கேட்பதால் கதைக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனாலும் அங்கே எழுதியிருக்கும் பயத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். கதை தொடங்கும் முன் அட்டவணை நிரப்பாதீர்கள். பாத்திரத்துக்காக இணையத்தில் சோதனை எழுதாதீர்கள், பதில் சொல்வது நீங்கள்தான். உரையாடலில் வகைப் பெயர் வரவே கூடாது, கதையில் ஒரு பட்டதாரி பையன் அதைப் பேசித் திரிந்தாலொழிய.

தங்கமுனை இலக்கியப் போட்டிக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். தயவுசெய்து இன்றிரவு அந்தக் குறிப்பை ஓரமாக வையுங்கள். வகுப்புக்கு வருபவர்கள் அட்டவணை எடுத்துவர வேண்டாம். உங்கள் பாத்திரம் மாதக் கடைசியில் ஐம்பது வெள்ளி தேவைப்பட்டால் யாரிடம் கேட்பார், யாரிடம் செத்தாலும் கேட்கமாட்டார் என்று மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள்.