கரண்ட் வைத்தால் மட்டும் கால் நடக்குமா?

மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலசைவு குலையும் பெருமூளை வாதம் உள்ள குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் பலர், "கரண்ட் வைத்தால் கால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் தசையை மின்சாரத்தால் தூண்டும் கருவியைக் காலில் ஒட்டிக் குழந்தையைப் படுக்க வைத்துவிடுவதைச் சிகிச்சை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் பரவுவதில்லை என்றாலும், இறுகிய தசைகள் எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாததால், வளர வளரக் குழந்தையின் நடை மாறுகிறது. கெண்டைக்கால் இறுகி நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்கு, பாதத்தைத் தூக்கவேண்டிய, முழங்காலுக்குக் கீழே முன்புறமுள்ள தசை வலுவிழந்திருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பின் மீது 'பேட்' எனும், மின்சாரம் செலுத்தும் ஒட்டுப்பட்டையை ஒட்டித் தூண்டினால் அந்தத் தசை சுருங்கிப் பாதம் மேலெழும். 1961-இல் மருத்துவர் லிபர்சனின் குழுவினர், ஒருபக்க வாதம் வந்தவர்களின் குதிகால் தரையை விட்டு எழும்போது மட்டும் மின்சாரம் பாயும்படி காலணிக்குள் சுவிட்ச் வைத்தார்கள். தூண்டல் உரிய நொடியில் வரவேண்டும் என்பதே அதன் உயிர்.

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பேடைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் கையில் முதலில் ஒட்டி, விரல்கள் அசைவதைக் காட்டிய பிறகே காலை நீட்டினாள். பாதம் எழுந்ததும், "நான் தூக்கல, அதுவா தூக்குது" என்றாள். எங்கள் வேலை அங்கேதான் தொடங்கியது. பாதத்துக்கு மேலே மணி ஒன்றைக் கட்டி, மின்சாரம் வரும் அதே கணத்தில் அவளும் முயன்று அதை அடிக்கவேண்டும் என்றேன். பல வாரங்களில் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, உட்கார்ந்து செய்ததை நின்றும், பிறகு தாழ்ந்த படியில் ஏறியும் செய்ய வைத்தோம். எல்லாக் குழந்தைகளும் அவளைப்போல் முன்னேறுவதில்லை. மூட்டு நிலையாக மடங்கிப்போயிருந்தால் எந்த மின்சாரமும் அதை நிமிர்த்தாது.

மின்சாரத்தால் சுருங்கும் தசை விரைவில் களைத்துப்போகும் என்பதால் இடையிடையே ஓய்வு கட்டாயம். வலிப்பு கட்டுக்குள் வராத குழந்தைக்கும், உடலுக்குள் மின்கருவி பொருத்தப்பட்ட குழந்தைக்கும் மருத்துவரின் ஒப்புதலின்றி இதைத் தொடவே கூடாது. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையென்றால், கருவியின் எண்ணைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். ஜெல் காய்ந்த பேடை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பேடை எடுத்தபின் தோலைப் பார்த்து, சிவப்பு நீங்காமல் இருந்தால் மறுநாள் அங்கே ஒட்டாமல் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.