யூரோ ஒன்று, திறைசேரி ஒன்றல்ல

திரும்பவும் அதே மாதிரித் தாள். கிளிநொச்சியில் கணக்கு வேலை பார்க்கும் எனக்குப் பழகிவிட்டது, எரிச்சல்தான் குறையவில்லை. பரந்தன் ஐயாவுக்குப் பாரிஸில் இருக்கும் பெறாமகன் அனுப்பிய பிணைமுறி (நாம் கடன் கொடுத்ததற்கு வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதும் பத்திரம்) விளம்பரம். பக்கத்துக்குப் பக்கம் நீலத்தில் பன்னிரண்டு நட்சத்திரம் போட்ட ஐரோப்பிய ஒன்றியக் கொடி, வெளியிடும் கம்பனியின் பெயர் மட்டும் அடியில் பொடி எழுத்தில். ஐயா வயலை விற்று அதில் போடப்போகிறாராம். "யூரோதானே தம்பி, ஒரு நாடு விழுந்தால் மற்றதுகள் தூக்கிவிடும்தானே?"

தூக்காது ஐயா. இங்கே வரி கொழும்புத் திறைசேரிக்குப் போய், அங்கிருந்து மாகாண சபைக்குப் பங்கு வருவதைப் பார்த்துப் பழகியதால் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். அங்கே தலைகீழ். வரி போடுவது, செலவழிப்பது, கடன்படுவது எல்லாம் பெரும்பாலும் அந்தந்த நாடு. ஒன்றியத்தின் வரவு செலவுத் திட்டம் எல்லா நாடுகளின் மொத்தத் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ 1 வீதம்தான். கிணறு பொது, அடுப்பு வேறு வேறு. ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அரசின் பற்றாக்குறை 3 வீதம், கடன் 60 வீதம் என்று மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் எல்லை போட்டார்கள். 2003 இல் ஜேர்மனியும் பிரான்சுமே மீறின, தண்டம் கட்டவில்லை.

ஒரு நாட்டின் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்று ஒன்றியத்தின் செயற்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 125 ஆவது உறுப்புரையே சொல்கிறது. கடனில் மூழ்கிய கிரேக்கத்துக்குக் கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தது கடன், அதுவும் நிபந்தனையோடு. அப்படியிருந்தும் 2012 இல் கிரேக்க அரசின் பிணைமுறி வைத்திருந்த தனியார், முகப்பெறுமதியில் (பத்திரத்தில் எழுதிய தொகையில்) 53.5 வீதத்தை இழந்தார்கள். அடுத்த வருடம் சைப்பிரஸில், அங்குள்ள மிகப்பெரிய வங்கியில் 1 லட்சம் யூரோவுக்கு மேலிருந்த வைப்புகளில் 47.5 வீதம் வங்கிப் பங்குகளாக மாறியது. 2020 இல் கொரோனாவுக்காகக் கூட்டாகக் கடன்பட முடிவெடுத்தது உண்மை, ஆனால் அந்தப் பிணைமுறியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர் இருக்கும். ஐயாவின் தாளில் இருப்பது ஏதோவொரு கம்பனி.

கொடியைப் பார்க்காதீர்கள், கடன்படுபவரின் பெயரைப் பாருங்கள். வட்டி கூடவென்றால் ஏன் கூட என்று கேளுங்கள்; எல்லோரும் சேர்ந்து பொறுப்பென்றால் இத்தாலி ஏன் ஜேர்மனியைவிடக் கூட வட்டி கொடுக்கிறது? வங்கி வைப்பென்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1 லட்சம் யூரோ வரைதான் காப்பு, அதைத் தருவதும் அந்த நாட்டின் நிதியம்தான். அப்புறம், இங்கிருந்து காசை வெளியே அனுப்ப மத்திய வங்கியின் கட்டுப்பாடு உண்டு. உண்டியலில் (வங்கி வழியல்லாமல் கைமாற்றாக) அனுப்பலாம் என்பவரைப் படி ஏற்றாதீர்கள். தயவுசெய்து, காணி உறுதி எழுதமுதல் யாராவது கணக்காளரிடம் காட்டுங்கள். தாளை வாசித்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.