ஒரே படையை இருமுறை எண்ணுவது: 1914இன் தண்டவாளக் கணக்கு

இருபுறமும் பகைவர் நிற்கும் ஒரு நாடு தன் படையைச் சரிபாதியாகப் பிரித்தால், இரு முனைகளிலும் வலிமை குன்றி நிற்க நேரிடும். ஒரு முனையில் சிறுபடையை நிறுத்திக் காலம் கடத்தி, மறுமுனையில் பெரும்படையால் விரைந்து வென்று, பிறகு அதே பெரும்படையை இப்பக்கம் திருப்பிவிடுவதே இதற்கான பழைய விடை. நடுவில் இருப்பவருக்குக் கடக்க வேண்டிய தூரம் குறைவு. சூழ்ந்து நிற்பவர்களோ ஒருவருக்கொருவர் உதவ நெடுந்தூரம் சுற்றிவர வேண்டும். எனவே இருமுனைப் போர் அடிப்படையில் ஒரு நேரக் கணக்கு.

1894இல் பிரான்சும் ரஷ்யாவும் உறுதி செய்துகொண்ட கூட்டணி, ஜெர்மனியை இந்தக் கணக்கைப் போட வைத்தது. பரந்த ரஷ்யா தன் படையை முழுமையாகத் திரட்ட ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும், அதற்குள் பெல்ஜியம் வழியாகச் சுற்றிச் சென்று பிரான்சை வீழ்த்திவிடலாம் என்பது தலைமைத் தளபதி ஷ்லீஃபெனின் சிந்தனை. அவருக்குப் பின் வந்த மோல்ட்கே சில மாற்றங்களுடன் அதையே பின்பற்றினார். முதல் உலகப்போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஏழு சேனைகள் மேற்கே சென்றன. ஜெர்மனியின் கிழக்கு ஓரமான கிழக்கு பிரஷ்யாவைக் காக்க எட்டாவது சேனை மட்டுமே நின்றது.

ரஷ்யாவோ முழுத் திரட்டலுக்குக் காத்திராமல் ஆகஸ்ட் நடுவிலேயே இரு சேனைகளுடன் உள்ளே நுழைந்தது. ஆனால் அங்குள்ள மசூரிய ஏரிகள் அவ்விரண்டையும் பிரித்து வைத்தன. ரஷ்யத் தண்டவாளத்தின் அகலம் 1524 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1435. எல்லை தாண்டியதும் ரஷ்ய ரயில்களால் ஓட முடியவில்லை. ஆகஸ்ட் 20 அன்று கிழக்கு பிரஷ்யாவின் கும்பின்னெனில் பின்னடைந்த ஜெர்மானியர், வடக்கே இருந்த ரஷ்ய சேனையின் தளபதி ரென்னன்காம்ப்பின் எதிரே பெரும்பாலும் குதிரைப்படையை மட்டும் விட்டுவிட்டு, ‘கோர்’ எனப்படும் சேனைப் பிரிவுகளில் ஒன்றை ரயிலிலும் மற்றவற்றைக் கால்நடையாகவும் தெற்கே நகர்த்தி, மற்றொரு ரஷ்யத் தளபதியான சாம்சோனோவின் சேனையைச் சூழ்ந்தனர். மறைகுறியிடாமல் வானொலியில் அனுப்பப்பட்ட ரஷ்ய உத்தரவுகள் அந்தத் துணிச்சலுக்குத் துணைநின்றன. டானன்பெர்க் போர் எனப்படும் இதில் ரஷ்யர்கள் 90,000க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். புகழ் எட்டாவது சேனையின் புதிய தளபதி ஹிண்டன்பர்க்குக்குப் போனாலும், அவர் வந்து சேருமுன்பே படைநகர்வைத் தொடங்கியவர்கள் ஹாஃப்மன் முதலிய தலைமையக அதிகாரிகள்தாம்.

மேற்கில் இதே கணக்கு தலைகீழானது. ஜெர்மனியின் ரயில் வசதி எல்லை வரைதான் குறையின்றி உதவியது. அதற்கப்பால் பெல்ஜியர்கள் பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் தகர்த்திருந்ததால், வலது ஓரத்தில் சென்ற ஜெர்மானியத் தளபதி கிளுக்கின் வீரர்கள் வாரக்கணக்கில் நடந்தே முன்னேறினர். உணவும் குண்டும் பின்தங்கின. தன் நாட்டுக்குள் பின்வாங்கிய பிரான்சுக்கோ தண்டவாளங்கள் கையில் இருந்தன. கிழக்கு எல்லையிலிருந்த பிரிவுகளை பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோஃப்ர் ரயிலேற்றி பாரிஸ் பக்கம் கொண்டுவந்து, கிளுக்கின் பக்கவாட்டில் நிறுத்தினார். அங்கே நடுவில் இருப்பவரின் அனுகூலம் பிரான்சிடம் போய்விட்டது; நான் அறிந்தவரை, இத்திட்டத்தைப் பற்றிய விவாதங்களில் இதற்குரிய கவனம் கிடைப்பதில்லை.

இதற்கிடையே கிழக்கைக் காக்க எண்ணிய மோல்ட்கே, ஆகஸ்ட் இறுதியில் வலது பக்கத்திலிருந்து இரு கோர்களை விலக்கி ரயிலேற்றினார். அவை போய்ச் சேர்வதற்குள் டானன்பெர்க் போர் முடிந்துவிட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றங்கரையில் நடந்த போரில் அவை தேவைப்பட்டபோது, அங்கும் இல்லை.