கிரியேட்டினின் நார்மல், சரி. கல்லீரல்?

கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களின் ஃபைலைத் திறந்தால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை மட்டும் தேதிவாரியாக எழுதி, 1.2க்கு மேல் போன நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களுக்கான ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் டயாலிசிஸ் அப்பவே பார்த்தாச்சு டாக்டர்" என்பார்கள்.

புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்று டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறோம். பி வைரஸ் இருப்பவருக்கு அதுவரை அந்த வைரஸைக் கட்டி வைத்திருந்ததும் அதே எதிர்ப்புச் சக்திதான். அதனால் ஆபரேஷனுக்கு முன்போ அதே சமயத்திலோ என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் வகை மாத்திரையை ஆரம்பித்துவிடுகிறோம். முன்பு கொடுத்த லாமிவுடினுக்கு வைரஸ் சில வருடங்களிலேயே பழகிவிடும். சிக்கல் என்னவென்றால், தினமும் ஒரு கை நிறைய மாத்திரை விழுங்குகிறவர், "காமாலைதான் இல்லையே, இது எதற்கு" என்று இந்த ஒன்றைத் தானாக நிறுத்திவிடுகிறார். சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் திரும்பக் கிளம்பி, கல்லீரலே செயலிழக்கும் அளவுக்குப் போகலாம்.

டயாலிசிஸ் காலத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி டெஸ்ட் நார்மலாக இருந்தது என்பதை வைத்தும் நிம்மதி அடைய வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அந்த எண் பொதுவாகவே குறைவாக வரும். ஹெபடைட்டிஸ் சி கிருமிக்கான ஆன்டிபாடி டெஸ்ட்டும் இவர்களிடம் சில சமயம் ஏமாற்றிவிடும், சந்தேகம் இருந்தால் வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் சரி.

சி வைரஸில் நல்ல செய்தி உண்டு. இன்டர்ஃபெரான் காலத்தில், ஊசி போட்டால் மாற்றிய கிட்னி போய்விடுமோ என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அப்புறம் கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவும் பி வைரஸைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்கும் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் நம்பிக்கையான முடிவை வெளியிட்டது உண்மைதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. கிட்னி மாற்றியவர் யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டால் அதில் வேறென்ன கலந்திருக்கிறது, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் (டாக்ரோ) அளவை ஏற்றுமா இறக்குமா, யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அடுத்த செக்கப் வரை ஒளித்து வைக்காமல் இப்போதே சொல்லுங்கள். திட்ட மாட்டோம், டாக்ரோ லெவலும் எஸ்ஜிபிடியும் பார்க்க ரத்தம் எடுப்போம், அவ்வளவுதான்.