புரையேறும்போது பச்சைப்பிள்ளை ஏன் இருமுவதில்லை?

என் தங்கைக்குக் குழந்தை பிறந்த நாலாம் நாள் ராத்திரி. அம்பாசமுத்திரம் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். மார் இரண்டும் கல்லு மாதிரி கனத்து, பிள்ளையை எடுத்துப் போட்ட ஒரு நிமிடத்தில் பால் பீய்ச்சியது. பிள்ளை மடக்கு மடக்கென்று நாலைந்து தரம் விழுங்கினான். அப்புறம் கண்ணை அகல விரித்து அப்படியே நின்றுவிட்டான். அழவும் இல்லை, இருமவும் இல்லை. வாயைச் சுற்றி நிறம் மங்கியது. "ஏட்டி, பிள்ளைக்குப் புரையேறிட்டு, உச்சில ஊது" என்று ஆச்சி ஓடி வந்தாள். நான் பிள்ளையைப் பிடுங்கி முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். சில நொடிகளில் ஒரு தும்மல், ஒரு அழுகை. "யாரோ பிள்ளைய நினைக்காவ" என்றாள் அம்மா. தங்கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தாள். இனிமேல் மாரில் போடமாட்டேன், சங்கில் ஊற்றலாம் என்றாள்.

அந்த நொடிகளின் மௌனம்தான் என்னை உலுக்கியது. நமக்குப் புரையேறினால் வீடே அதிர இருமுகிறோம். பிள்ளை ஏன் இருமவில்லை?

தொண்டையிலிருந்து தொடங்க வேண்டும். மூக்கு வழியாக வரும் காற்று முன்பக்கம் உள்ள மூச்சுக்குழலுக்குப் போக வேண்டும். வாய் வழியாக வரும் உணவு பின்பக்கம் உள்ள உணவுக்குழலுக்குப் போக வேண்டும். இரண்டு பாதையும் தொண்டையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ரயில்வே கேட் போலத்தான். ஒன்று போகும்போது மற்றது நிற்க வேண்டும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, குரல் நாண்கள் ஒட்டி, மேலே மூடி கவிழ்ந்து காற்றுப் பாதை அடைபடுகிறது. அந்த நேரம் மூச்சு நிற்கிறது.

பச்சைப்பிள்ளைக்கு இயற்கை இதில் ஒரு கூடுதல் ஏற்பாடு செய்திருக்கிறது. பெரியவர்களுக்குக் குரல்வளை கழுத்தெலும்பில் ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நேரே இருக்கும். பிறந்த குழந்தைக்கு அது மூன்றாவது, நான்காவது எலும்புக்கு நேரே, மிக உயரத்தில் இருக்கிறது. குரல்வளை மூடியின் நுனி உள்நாக்குப் பக்கத்து மெல்லண்ணத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் மூக்கில் நுழையும் காற்று நேரே குரல்வளைக்குள் இறங்குகிறது, பால் அதன் இருபக்கமும் வழிந்து பின்னால் போகிறது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தளத்தில் ஒரு கூட்டம், கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம். வாயில் மார் இருக்கும்போதே பிள்ளை மூக்கால் மூச்சுவிட முடிவது இதனால்தான். லேசாக மூக்கடைத்தாலும் அது பால் குடிக்கத் திணறுவதும் இதனால்தான்.

ஆனால் குழந்தையால் ஒரே நேரத்தில் விழுங்கவும் மூச்சுவிடவும் முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அளந்து பார்த்தபோது அது சரியில்லை என்று தெரிந்தது. ஈரடுக்கு இருந்தாலும் கேட் இருக்கிறது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் குழந்தையின் மூச்சும் ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. சப்பு, விழுங்கு, மூச்சு. பால் சீராக வரும்போது நொடிக்கு ஒரு சப்பு வீதம் இந்த மூன்றும் மாறி மாறி ஓடும். வயிற்றில் இருக்கும்போதே சிசு பனிக்குட நீரை விழுங்கிப் பழகுகிறது. ஆனால் மூச்சையும் சேர்த்து இந்தத் தாளம் பிடிபடுவது கர்ப்பத்தின் சுமார் 34-ஆவது வாரத்தில்தான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் குழாய் வழியாகப் பால் கொடுப்பது அதற்காகவே.

இனி இருமல் விஷயத்துக்கு வருகிறேன். குரல்வளையின் வாசலில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. காற்றைத் தவிர வேறு ஏதாவது பட்டால் அவை மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். பெரியவர்களுக்கு அங்கிருந்து வரும் பதில் இருமல். பிறந்த குழந்தைக்கு வரும் பதில் வேறு: மூச்சை நிறுத்து, குரல் நாணை மூடு, விழுங்கு. கூடவே இதயத்துடிப்பு குறையும். தோலுக்குப் போகும் ரத்தம் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சப்படுத்தப்படும். நாங்கள் பார்த்த மங்கிய நிறம் அதுதான்.

இதற்கும் காரணம் உண்டு. இருமுவதற்கு முதலில் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். தொண்டை நிறையப் பால் நிற்கும்போது இழுத்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும். வயிற்றுக்குள் ஒன்பது மாதமும் திரவத்தில் மிதந்த உயிருக்கு, கதவைச் சாத்திவிட்டு விழுங்கித் தீர்ப்பதுதான் தெரிந்த வழி. மாதங்கள் போகப் போக இருமல் வலுத்து, இந்த நிறுத்தல் பின்வாங்கும். அந்த ராத்திரி பிள்ளை பேசாமல் கிடந்தது பாதி பாதுகாப்பு. இதைத் தங்கைக்குச் சொன்னபோதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இன்னொன்று: தானாக மூச்சை நிறுத்தும் இந்த அனிச்சை பச்சைத் தண்ணீருக்கு மிக வலுவாக எழும், உடலின் உப்புத்தன்மையை ஒத்த திரவத்துக்கு அவ்வளவு எழாது. சீனித்தண்ணி, குளிப்பாட்டும்போது முகத்தில் ஊற்றும் நீர் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, பால் ஏன் பீய்ச்சியது? மாடு வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கன்று முட்டினால்தான் மாடு சுரப்பு விடும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஆக்ஸிடோசின் என்ற ஒரே ஹார்மோன்தான். பிள்ளை சப்பத் தொடங்கியதும் தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து அது ரத்தத்தில் கலந்து, பால் சுரப்பிகளைச் சுற்றியுள்ள குட்டித் தசைகளை இறுக்குகிறது. மடை திறந்த மாதிரி பால் இறங்குகிறது. முதல் நாட்களின் சீம்பால் ஒரு வேளைக்குச் சில மில்லிதான், பிள்ளை பழகிக்கொள்ள நல்ல அளவு. மூன்றாம், நாலாம் நாளில் பால் கட்டியதும் வேகம் கூடிவிடுகிறது. பழகாத தொண்டை தாளம் தப்புகிறது. தாயிடம் குற்றமில்லை, பாலிலும் குற்றமில்லை.

மார் கனத்திருந்தால் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் பிறகு போடலாம். சுரப்பு விட்டதும் பிள்ளையை விலக்கி, முதல் வேகத்தைத் துணியில் விட்டுவிட்டு மறுபடி போடலாம். தாய் நன்றாகப் பின்னால் சாய்ந்து, பிள்ளையைத் தன் மேல் குப்புறப் போட்டுக்கொண்டால் பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் தணியும். சங்கு இதற்கு மாற்றாகாது. மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவதை நான் எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். மாரில் என்றால் பிள்ளை வாயை எடுத்துக்கொள்ளலாம், ஊற்றுகிறவர் கையை அது நிறுத்த முடியாது. மருத்துவர் சொல்லி பாலாடையில் கொடுப்பதானாலும் தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டில் விளிம்பை வைத்து, பிள்ளையே உறிஞ்ச விட வேண்டும்.

புரையேறினால் உடனே மாரிலிருந்து எடுத்து, ஒருக்களித்தோ முன்சாய்த்தோ பிடியுங்கள். அழுதால், இருமினால் காற்று போகிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். உச்சந்தலையில் தட்டுவதால் பயனில்லை, அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. சத்தமே இல்லாமல் நீலம் பாரித்தால் காத்திருக்கக் கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை நெஞ்சைவிடத் தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. திரும்பவில்லையா, மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவே முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஐந்து அழுத்தம். மறுபடி தட்டு, மறுபடி அழுத்தம். பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விடக் கூடாது. பிள்ளை துவண்டு பேச்சுமூச்சற்றுப் போனால் உயிர்காப்பு அழுத்தமும் ஊதலும் தொடங்க வேண்டும். 108-ல் பேசுகிறவர்கள் வழி சொல்வார்கள்.

எப்போதாவது ஒரு தரம் இப்படி ஆவது சகஜம். ஒவ்வொரு வேளையும் ஆனால், நீலம் பாரித்தால், குடிக்கும்போது வேர்த்துக் களைத்தால், மூச்சில் இரைச்சல் கேட்டால், எடை ஏறாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அண்ணத்தில் பிளவு, இதயக் கோளாறு, குரல்வளைத் தளர்ச்சி என்று எது வேண்டுமானாலும் பின்னால் இருக்கலாம்.

மறுநாள் ராத்திரி தங்கை சுவரோரம் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டாள். முதல் பீய்ச்சலை அப்பாவின் பழைய வேட்டித் துணி வாங்கிக்கொண்டது. அப்புறம் பிள்ளையைப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். ஒரு சப்பு, ஒரு மடக்கு, மூக்கில் மெல்ல ஒரு மூச்சு. மறுபடி ஒரு சப்பு.